எழுத்து இடுக்கில் சந்தனம்

வெளியே போன புருசன் சென்னியப்பன் கேட்டைச் சாத்திய சத்தம் அடங்குவதற்குள் பரிமளம் போர்ட்டிகோவுக்கு வந்துவிட்டாள். வந்தவள் சும்மா வரவில்லை, சுடிதார் மாட்டிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி துடைக்கிறவளுக்கு நைட்டி போதாதா, சுடிதார் எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்ல அவளிடம் பதில் இல்லை. நல்லவேளை, கேட்க வீட்டில் ஆளும் இல்லை. மனசு மட்டும் கேட்டது. நைட்டி நனைந்தால் காலைச் சுற்றும், அதற்குத்தான் என்று மனசுக்கு ஒரு பதிலைத் தூக்கிப் போட்டாள். மனசு அதை நம்பின மாதிரி தெரியவில்லை. அவர் போகும்போது சொன்னது இன்னும் காதுக்குள் இருந்தது. "அப்புக்குட்டின்னு ஒருத்தன் இருக்கறானாமா கண்ணு. மளிகைக் கடைக்காரரு சொன்னாரு, நிதானமா ஓட்டுவான்னு. போயிப் பேசிப் பாக்கறேன், ஒத்து வந்தா கையோட கூட்டிட்டு வந்தர்றேன். அம்பத்தி மூணு வயசுல நீ எதுக்கு கிளட்சோட மல்லுக்கட்டிட்டு? மகாராணியாட்டம் பின்னால உக்காந்துட்டு வா." திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். கொஞ்சுகிற மனுசனை என்ன செய்வது? "செரிங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். கார் அவளுடையது, அவள் கட்டிய சீட்டுப் பணத்தில் வாங்கியது, அவள் பெயரில் இருப்பது. லைசென்சும் அவளிடம்தான் இருக்கிறது, அவருக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் வரும். ஆனால் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து அவள் தனியாக வண்டியை எடுத்ததில்லை, ஒரு தடவைகூட இல்லை. இன்றைக்கு அந்த அப்புக்குட்டி வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான், இனி சாகிற வரைக்கும் பின்சீட்டு. அவர் திரும்பி வருவதற்குள் ஒரே ஒரு சுற்று, இந்தக் காலனியைச் சுற்றி ஒரே ஒரு சுற்று, தனியாகப் போய்விட்டு வந்துவிட வேண்டும். அப்புறம் தைரியமாகச் சொல்லலாம், டிரைவர் எல்லாம் வேண்டாமுங்க, நானே ஓட்டிட்டு வந்துட்டேன் என்று. சாவி கையில்தான் இருக்கிறது. ஆனால் வண்டி மேல் அப்பியிருக்கிற இந்தச் சந்தனத்தோடு எப்படிப் போவது? அதை எடுத்துவிட்டுப் போய்விடலாம். ஒரு நல்ல மெத்தென்ற பிரஷ் கிடைத்தால் சட்டென்று முடிந்துவிடும்.

சந்தனம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். வண்டி வந்த அன்றைக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டார்கள். குருக்கள் பானட்டில் ஒரு ஓம் எழுதிக் குங்குமம் வைத்தார், அவர் அளவோடுதான் வைத்தார். சென்னியப்பன்தான் கிண்ணத்தில் மீந்ததை வீணாக்குவானேன் என்று மூன்று விரலையும் முக்கி, முன்னால் இருக்கிற வட்டச் சின்னத்திலும், பின்கதவில் வண்டிப் பெயரைச் சொல்லும் வெள்ளி எழுத்துகளிலும், கைப்பிடிகளிலும், ரெண்டு பக்கக் கண்ணாடிக் காதிலும் பட்டை பட்டையாக இழுத்துவிட்டார். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுக் கூட்டி வந்த மாதிரி அவருக்கு ஒரு நிம்மதி. அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. சாமி சந்தனத்தைத் துடைக்கலாமா, அதுவாக உதிர்ந்தால்தானே நல்லது? எல்லார் வீட்டிலும் அப்படித்தான் விடுகிறார்கள். ஆனால் ஈரோட்டு வெயிலில் எது தானாக உதிர்ந்தது? காய்ந்து இறுகி, குங்குமம் கறுத்து, மழை வந்த அன்றைக்கு அதன்மேல் புழுதியும் சேர்ந்து குழைந்து, மறுபடி காய்ந்து, இப்போது பார்த்தால் வண்டிக்குச் சொறி பிடித்த மாதிரி இருக்கிறது. பானட்டில் இருந்ததை ஈரத்துணி போட்டு ஊறவைத்து நேற்றே எடுத்துவிட்டாள். ஓம் இருந்த இடத்தில் மங்கலாக ஒரு நிழல் நிற்கிறது, வெயிலுக்குச் சாய்ந்து பார்த்தால் தெரியும், அது கிடக்கட்டும், ஓம்தானே. இடுக்கில் போனதுதான் துணிக்கு எட்டவில்லை. அன்றைக்கு நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் குருக்கள், "வண்டிய யாரும்மா ஏத்தறது?" என்று கேட்டார். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தட்டை வாங்கப் போகிறவள் மாதிரி அவள் குனிந்துகொண்டு, கூட வந்த ஷோரூம் பையனிடம், "நீங்களே ஏத்திருங்க தம்பி" என்றாள். அவன் ஏற்றினான். பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது, சாறு தெறித்தது, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவளும் போட்டுக்கொண்டாள். தன் கல்யாணத்தில் பந்தி பரிமாறின மாதிரி இருந்தது அவளுக்கு.

சரி, பிரஷ். முதலில் கைக்கு வந்தது குளியலறையில் கிடந்த பழைய டூத் பிரஷ். ஊரில் எல்லாரும் இடுக்கைத் துடைக்க அதைத்தான் எடுக்கிறார்கள், தையல் மெஷினுக்கும் அதுதான், குழாய்த் திருகுக்கும் அதுதான். எடுத்துக்கொண்டு நாலடி வந்தவள் நின்றுவிட்டாள். எச்சில் பிரஷ் ஆயிற்றே. வாயில் போட்டதைக் கொண்டு போய்ச் சாமி சந்தனத்தில் வைப்பதா? கழுவித்தானே வைத்திருக்கிறது. கழுவினால் எச்சில் போய்விடுமா? போகும், அவள் வேலை பார்க்கிற மருத்துவ லேபில் ஒரு நாளைக்கு எத்தனை எச்சில், எத்தனை சளி, எல்லாம் சுத்தமாகிறது, அவளே சுத்தம் செய்கிறவள், மருந்துத் தண்ணீரில் ஊறப் போட்டால் கிருமி கிடையாது. கிருமி கிடையாது, ஆனால் எச்சில் எச்சில்தான். அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள். வைத்த பிறகுதான் நார் நாராக இருந்த அதன் முனையை விரலால் தடவிப் பார்த்தாள், அம்மாடி, முள். எச்சில் பார்த்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் பெயிண்ட் முழுக்கக் கீறலாகியிருக்கும். அடுத்தது லேபில் டெஸ்ட் ட்யூப் கழுவுகிற பிரஷ், வீட்டில் ஒன்று புதுசாக இருந்தது, சந்து பொந்தெல்லாம் போகும், ஆனால் நட்டநடுவில் கம்பி. கம்பி முனை ஒரு இடத்தில் பட்டால் போதும், கோடு விழுந்துவிடும். வேண்டாம். ஷூ பாலீஷ் பிரஷ்ஷைக் கண்ணால் பார்த்தாள், பார்த்ததற்கே பிள்ளையாரிடம் ஒரு மன்னிப்புக் கேட்டாள். போன பொங்கலுக்கு ஜன்னல் கம்பிக்கு அடித்த பெயிண்ட் பிரஷ் காய்ந்து மரக்கட்டையாகிக் கிடந்தது. சென்னியப்பனின் ஷேவிங் பிரஷ் மெத்தென்றுதான் இருந்தது, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், பூனை உரசின மாதிரி. ஆனால் முடி மழிக்கிற சாமான் அது. தவிரவும் வண்டிக்கு அதை எடுத்தேன் என்று தெரிந்தால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைக்கிறதும் முகத்தைச் சுளிக்கிறதுமாக வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது பீரோ கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். மகாராணி நன்றாகத்தான் இருக்கிறாள். நேரம் போகிறது பரிமளா. போகட்டும், அவர் மளிகைக் கடையில் போய் நின்றால் சீக்கிரம் வருகிறவரா? பேச்சுக்கு ஆள் கிடைத்தால் இடுப்பு வலியே மறந்துவிடும் அவருக்கு. ஆனால் இன்றைக்கு என்று பார்த்து வந்துவிட்டால்?

தலைச்சாயப் பாக்கெட்டில் வருகிற பிரஷ் ஞாபகம் வந்தது அப்போதுதான். அவர் சாயம் அடித்துக்கொள்வது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று அவர் ஒருத்தர்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். பாக்கெட்டுக்கு ஒரு பிரஷ் வரும், அவர் ஒரே பழைய பிரஷ்ஷை வைத்துக்கொண்டு புதுசையெல்லாம் அலமாரி டப்பாவில் போட்டு வைப்பார், எதற்காவது ஆகும் என்று. ஆயிற்று, இன்றைக்கு ஆயிற்று. உறை பிரிக்காதது, எச்சில் இல்லை, தீட்டு இல்லை. மணிக்கட்டின் உள்பக்கம் தடவிப் பார்த்தாள். நாளெல்லாம் அடுத்தவர் கையில் ஊசி போடுகிற இடத்துக்குப் பக்கத்துத் தோல் அது, எது வலிக்கும் எது வலிக்காது என்று அவளுக்கு அந்த இடத்தில்தான் தெரியும். கொஞ்சம் விறைப்புதான். கறுப்புக் கிரில்லுக்கும் ஜன்னல் ரப்பருக்கும் இது போதும், பெயிண்டுக்கு ஆகாது. பெயிண்டுக்கு இன்னும் மெத்தென்று வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது, இருக்கிற இடமும் தெரியும், ஆனால் கை போக யோசித்தது. மகள் நிவேதிதா ஓசூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன ஒப்பனைப் பையில், கன்னத்துக்குச் சிவப்புப் பூசுகிற பிரஷ். வாங்கின அன்றைக்கு அம்மா கன்னத்தில்தான் முதலில் வைத்து, "எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டாள். இருந்ததே தெரியவில்லை. பஞ்சு மாதிரி, அதற்கும் மேலே. போனில் கேட்டுவிடலாமா? கேட்டால், "அம்மா! அதையா!" என்று கத்துவாள், அப்புறம் எதற்கு என்பாள், வண்டிக்கா என்பாள், வண்டியை எடுக்கப் போறியா என்பாள், தனியாகவா என்பாள். வேண்டாம், கேட்க வேண்டாம், புதுசு வாங்கிக் கொடுத்துவிடலாம். எடுத்து ரெண்டு கண்ணிமையிலும் வைத்துப் பார்த்தாள். இதுதான். சாமிக்கும் கௌரவம், இதுவும் முகத்துக்கு உள்ளதுதானே. மயிர்க்கட்டைப் பிடித்திருந்த தகரப் பட்டை மட்டும் நகம் மாதிரி கூர்மையாக இருந்தது. லேப் பிளாஸ்திரியைக் கிழித்து அதைச் சுற்றி ஒட்டினாள், குழந்தை விரலுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி பதமாக, முனை தூக்காமல்.

வாளியில் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பூ, ஒரு கிண்ணம். பின்கதவுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து முதலில் வெறும் தண்ணீரைக் கையால் தெளித்து ஊறவிட்டாள், மண் போகாமல் தேய்த்தால் மண்ணே கீறும். எழுத்துக்கு அடியில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். சந்தனத் தண்ணீர் தரையில் வழிந்தால் நாலு பேர் கால் படும், செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டால் நல்லது. இடது கையில் கிண்ணம், வலது கையில் பிரஷ். அழுத்தக் கூடாது. நுனி மட்டும் பட வேண்டும், ஊசி மாதிரிதான், அழுத்துகிறவள் கைக்குத்தான் பயம் இருக்கும். முதல் எழுத்தின் வளைவில் பிரஷ்ஷைச் சுற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி சுற்றினாள். மஞ்சளாக ஒரு நூல் இழை கரைந்து வந்து கிண்ணத்தில் விழுந்தது. அந்த ஒரு இழையைப் பார்த்ததும் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது, காது குடைகிற சுகம் மாதிரி ஒன்று முதுகுத்தண்டு வரைக்கும் போயிற்று. சந்தன வாசனை வேறு எழும்பியது, இத்தனை நாள் வெயிலில் காய்ந்ததற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் அன்றைக்கு அரைத்த மாதிரி மணந்தது. "ஏனக்கா, காத்தாலயே வண்டிக்குத் தலை வாரி உடறீங்களாட்ட இருக்குது?" காம்பவுண்டுச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு விமலாவின் முகம். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, எப்போதும் அப்படித்தான் வருவாள். "பூவும் வெச்சு உட்டர்லாமுனு இருக்கறேன், ரெண்டு முழம் இருந்தா குடு" என்றாள் பரிமளம். விமலா சிரித்தாள். "அண்ணன் டிரைவர் பாக்கறதுக்குப் போயிருக்காராமா? நல்லதுங்கக்கா. நம்ம தெருவு இருக்கற இருப்புக்கு நம்மளால ஆகுமா சொல்லுங்க. அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் வளைவுல ஆம்பளைங்களே திணர்றாங்க." சொல்லிவிட்டுப் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடிவிட்டாள். அவள் வீட்டில் பால் பொங்கிவிட்டது, இங்கே பரிமளத்தின் கையில் பிரஷ் நின்றுவிட்டது. ட்ரான்ஸ்ஃபார்மர் வளைவு. அதை எதற்கு இப்போது ஞாபகப்படுத்தினாள்?

அந்த வளைவில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரோடு அவள் எத்தனையோ தடவை திரும்பியிருக்கிறாள். நன்றாகத்தான் திரும்பினாள், அவரே சொன்னார், "பரவால்லீங்க மேடம், கை வந்துருச்சு." ஆனால் அந்த வண்டியில் அவர் காலுக்கடியிலும் ஒரு பிரேக் இருந்தது. அதுதான் சங்கடம். வண்டி நின்றது, ஒவ்வொரு தடவையும் அழகாக நின்றது, ஆனால் நிறுத்தியது யார் கால்? அவள் அழுத்தியபோது அவரும் அழுத்தினாரா? அழுத்தவில்லை என்றுதான் அவர் சொன்னார். சொல்லுவார், பீஸ் வாங்குகிறவர் வேறு என்ன சொல்லுவார்? ஒரு தடவை ஆட்டோ குறுக்கே வந்தபோது அவர் முழங்கால் ஆடியதை அவள் பார்த்தாள், ஓரக்கண்ணால்தான் பார்த்தாள், ஆடியதா, இல்லை, வண்டி குலுங்கியதில் அப்படித் தெரிந்ததா? அதிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் படுத்தால் அந்த முழங்கால்தான். இப்போது இந்த வண்டியில் பக்கத்து சீட்டுக்கு அடியில் ஒன்றும் கிடையாது, வெறும் மிதியடி. இந்தப் பக்கம் அவள் கால் மட்டும்தான். அழுத்தி நிற்காவிட்டால்? நிற்காமல் என்ன, வண்டிக்கு யார் கால் என்று தெரியுமா? தெரியாது. ஆனால் காலுக்குத் தெரியுமே, இத்தனை நாள் தான் சும்மாதான் இருந்தோமா என்று. அட, ரெண்டாவது எழுத்து சுத்தமாகிவிட்டதே. கை பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. மனசு ட்ரான்ஸ்ஃபார்மரில் மாட்டிக்கொண்டு கிடக்க, கை அதுபாட்டுக்கு வளைவுக்கு வளைந்து நேருக்கு நேராகப் போய், வெள்ளி பளபள என்கிறது. பிறந்த குழந்தை, அதுவும் வத்தலாக ஒரு குழந்தை, நரம்பே தெரியாது, டாக்டரே பரிமளத்தைக் கூப்பிடுங்க என்பார், இந்தக் கை போய் ஒரே குத்தில் ரத்தத்தை எடுத்துவிடும், குழந்தை அழக்கூட மறந்துபோகும். அந்தக் கைக்கு ஒரு கியர்க் கம்பியைப் பிடிக்க இப்படி வேர்க்க வேண்டுமா? ஊசி போடும்போது மட்டும் யார் அவள் கூடப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? யாரும் இல்லை. இதை யோசித்ததும் ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது, உடனே ட்ரான்ஸ்ஃபார்மர் வந்து மறுபடி குனிய வைத்தது.

எழுத்துகள் முடிந்தன. கிண்ணத்தைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டுச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் பக்கவாட்டாக நுழைந்தாள். அவள் உடம்புக்கு அந்தச் சந்து கொஞ்சம் குறைச்சல்தான், வயிற்றை எக்கிக்கொண்டு போனாள், முதுகு சுவரில் உரசிச் சுண்ணாம்பு அப்பியது, போகட்டும். கண்ணாடிக் காதுக்கு அடியில், கதவோடு அது சேருகிற கழுத்தில், பெரிதாக ஒரு கட்டி. அங்கே விரல் போகாது, துணி போகாது, அந்தக் கன்னத்துப் பிரஷ் என்னமாய்ப் போகிறது! கைப்பிடிக் குழியில், டேங்க் மூடி விளிம்பில், முன்சின்னத்தின் வளையத்துக்குள்ளே. கிரில்லுக்குச் சாயப் பிரஷ், சின்னத்துக்குக் கன்னத்துப் பிரஷ், மாற்றி மாற்றி, ஒன்றை வாளியிலும் இன்னொன்றைக் கிண்ணத்திலும் முக்கி, அதிலேயே ஒரு வீம்பு அவளுக்கு. இப்படி உட்கார்ந்து ஒன்றைத் துடைத்து எவ்வளவு காலமாயிற்று. வீட்டுச் சாமான் துடைப்பது வேறு, துடைத்தால் மறுபடி அழுக்காகும், யாரும் பார்க்கவும் மாட்டார்கள். இது அவளுடையது. லேப் வாசலில் இதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், இறங்க வேண்டும், நாலு எட்டு நடந்த பிறகு திரும்பிப் பார்க்காமலேயே சாவியை அமுக்க வேண்டும், வண்டி 'க்வீக்' என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. விமானமா கேட்டாள்? அந்த 'க்வீக்' டிரைவர் வைத்துக்கொண்டால் கிடைக்காது, சாவி அவன் கையில் இருக்கும். அப்புக்குட்டி நல்லவனாகவே இருக்கட்டும், நிதானமாகவே ஓட்டட்டும், ஆனால் சாவி அவன் கையில்தானே இருக்கும். பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் சுகமாகத்தான் இருக்கும், ஏன் பொய் சொல்ல வேண்டும், அலுத்துப்போய் வருகிற சாயங்காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வரலாம். அந்தச் சுகத்தை நினைத்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு தடவை சாய்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மாட்டாள், தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா. மெத்தென்று இருப்பதெல்லாம் பிரஷ்ஷுக்குத்தான் நல்லது என்று நினைத்தாள், நினைத்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள்.

பிறகு வேலை ஒன்றும் மிச்சமில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், ஒரு இடுக்கிலாவது ஒரு பொட்டாவது ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாதா என்று தேடினாள், இல்லை. பிரஷ்ஷுகளை அலசி உதறி நிழலில் வைத்தாள். வாளியைக் கவிழ்த்தாள். முக்காலியை உள்ளே போட்டாள். கேட்டை ரெண்டு பக்கமும் அகலத் திறந்து செங்கல் வைத்தாள், செங்கல் ஆடுகிறதா என்று பார்த்தாள், ஆடவில்லை. தண்ணீர் குடித்தாள். இனிமேல் செய்ய ஒன்றுதான் இருந்தது. சீட்டில் உட்கார்ந்தபோது முழங்கால் ரெண்டும் யாருடையதோ மாதிரி இருந்தன. பிள்ளையாரப்பா, துடைத்தது தப்பாக இருந்தால் அதற்குத் தனியாகக் கணக்கு வைத்துக்கொள், இதில் சேர்க்காதே. சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமவில்லை, பாவம், தொண்டையைக் கனைத்துக்கொண்டது. ரிவர்ஸ். கிளட்சை விட விட வண்டி பின்னால் நகர்ந்தது, கேட் தூண் கண்ணாடிக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது, இடித்துவிடும், இடிக்காது, இடித்துவிடும், கண்ணாடியில் பக்கத்தில் தெரிவதெல்லாம் பக்கத்தில் இல்லை, அல்லது தூரத்தில் தெரிவதுதான் பக்கத்தில் இருக்கிறதா, மாஸ்டர் எதைச் சொன்னார்? அவள் பிரேக்கை அழுத்தினாள். வண்டி நின்றது. சாதாரணமாக, ஒரு அலட்டலும் இல்லாமல், அங்கேயே நின்றது. பக்கத்து சீட்டைப் பார்த்தாள், யாரும் இல்லை. காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினாள், மறுபடி நின்றது. அடி என் காலே! நீதானா அது, இத்தனை நாளும் நீதானா? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தெருவில் யாராவது பார்த்தால் கார் வாங்கினவள் காருக்குள் உட்கார்ந்து எதற்கு அழுகிறாள் என்பார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைத் தெருவுக்கு இறக்கினாள்.

ட்ரான்ஸ்ஃபார்மர் வளைவு எப்போது வந்தது, எப்படிப் போயிற்று என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு ஆடு நின்றது, ஆட்டுக்காக நின்றாள், ஆடு போயிற்று, போனாள். ஒரு தடவை வண்டி அணைந்து பின்னால் ஒரு பைக்குக்காரன் ஹாரனை அலற விட்டான், அடேய், நானே இப்பத்தான் எடுத்திருக்கறேன் பொறுடா என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள், அவனுக்குக் கேட்டிருக்காது, ஆனால் சொன்னது ரொம்ப நன்றாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, பார்க். வேர்வை காய்ந்து காற்று முகத்தில் அடித்தது. வண்டியில் தான் ஒருத்தியாக இருப்பது இப்படி இருக்குமா? "மெதுவா, மெதுவா" என்று சொல்ல ஆளில்லை, அதனால் அவளே மெதுவாகப் போனாள். சுற்றி வந்து மறுபடி தங்கள் தெருவுக்குள் திரும்பினபோதுதான் முன்னால் அந்த முதுகைப் பார்த்தாள். நடுத்தெருவில், வெள்ளைச் சட்டையில், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு வீட்டை நோக்கி நடக்கிற முதுகு. பக்கத்தில் ஒல்லியாக, காக்கி பேண்ட்டில் இன்னொரு முதுகு. அவரும் அப்புக்குட்டியும். கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, அப்புறம் வண்டியை என்ன செய்வது? ரெண்டு பேரும் தெருவை அடைத்துக்கொண்டுதான் நடந்தார்கள். வேறு வழியில்லாமல் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினாள். சென்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புக்குட்டியின் முழங்கையைப் பிடித்து இடதுபக்க ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு, போங்க போங்க என்று கையை மட்டும் பின்னால் காட்டினார். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

ரெண்டாவது கியரில் ஊர்ந்து அவர்களைத் தாண்டினாள். அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி இறக்கிவிட்டிருந்தது. அவர் குரல் சுத்தமாகக் கேட்டது. "லைசென்ஸ் எல்லாம் வெச்சிருக்கறா தம்பி. ஆனா தனியா எடுக்க மாட்டா, பாவம், பயப்படுவா." அப்புக்குட்டி, "என்ன வண்டிங்ணா?" என்று கேட்டான். சென்னியப்பன் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, தாண்டிப் போகிற வண்டியைக் கையால் காட்டினார். "இதா, இதே வண்டிதான். இதே வெள்ளைதான். நம்முளுது வூட்டுல நிக்குது." பரிமளத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்த ஒரு கைகூட மிச்சமில்லை, சத்தமாகவே சிரித்தாள். அகலத் திறந்த கேட் வந்தது. திருப்ப வேண்டிய இடம் வந்தது. அவள் திருப்பவில்லை. நேராக விட்டாள், இன்னொரு சுற்று. போர்ட்டிகோவில் என்ன நிற்கிறது என்று அவரே போய்ப் பார்க்கட்டும்.